பாதியில் திரும்பும் பாடம்

நோர்வேயில் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போகும் எங்கள் குழுவில், பிள்ளையின் கையில் முதன்முதலாகக் கத்தியைக் கொடுக்கும்போது உறையோடுதான் கொடுக்கிறார்கள். உறையைக் கழற்றுமுன் பிள்ளை நிலத்தில் உட்கார வேண்டும். உட்கார்ந்து, இரண்டு கைகளையும் அகல விரித்து ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். கை யார்மீதும் படாவிட்டால் அந்த வட்டம் அந்தப் பிள்ளைக்குச் சொந்தம். பட்டால் இன்னும் தள்ளிப்போய் உட்கார வேண்டும். சீவுவது எப்போதும் உடம்புக்கு வெளிப்பக்கமாக. எழும்புவதற்கு முன் கத்தி உறைக்குள் போயிருக்க வேண்டும். உறையில்லாத கத்தியோடு யாராவது எழும்பி நின்றால், அதை முதலில் காணும் பிள்ளை “சிலை!” என்று கத்தும். உடனே எல்லாரும் நின்ற இடத்தில் நின்றபடி சிலையாகிவிட வேண்டும், பெரியவர்கள் உட்பட. கத்திக்காரர் மெதுவாக உட்கார்ந்து கத்தியை உறையில் போட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு உயிர் வரும்.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. இந்த விளையாட்டில் பிள்ளைகளைவிடப் பெரியவர்களே அதிகம் அகப்படுவார்கள் என்பது சிறிது நேரத்திலேயே தெரிந்துவிட்டது. சொசேஜ் பொதியை வெட்டிவிட்டு அதே கத்தியோடு எழும்பிய ஒரு தகப்பனார் உறையைத் தேடித் தடவிக்கொண்டிருக்க, இன்னொருவர் வாயருகே கொண்டுபோன சொசேஜைக் கடிக்கவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் நின்றார். சிலைகளெல்லாம் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கின. அன்று முழுவதும் யாரும் எந்தப் பிள்ளையிடமும் “கவனம்” என்று சொல்லவில்லை. நான் வாயைத் திறந்தால் முதலில் வருவது அந்தச் சொல்தான் என்பதால் இதைக் கவனித்தேன்.

எங்கள் வீடு ஒஸ்லோவின் வடகிழக்கே, குரூருட் பள்ளத்தாக்கில் இருக்கிறது. தமிழர்கள் நிறைய வாழும் பகுதி. ஒரு பக்கம் நெடுஞ்சாலை, சுரங்க ரயில், அடுக்குமாடி வீடுகள். மறுபக்கம் வீதி முடியும் இடத்திலேயே லில்லுமார்க்கா காடு தொடங்கிவிடுகிறது. ஒஸ்லோவைச் சுற்றியுள்ள காடுகள் எல்லாவற்றையும் சேர்த்து ‘மார்க்கா’ என்பார்கள். நகரம் அவற்றுக்குள் பரவாமல் இருக்க 2009இல் தனிச் சட்டமே போட்டார்கள். அந்தக் காட்டில்தான் மாதத்தில் ஓரிரு ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் குழு கூடுகிறது. நோர்வே மலைநடைச் சங்கம் 1868இல் தோமஸ் ஹெஃப்ட்டி என்ற வங்கியாளர் முன்னின்று தொடங்கியது. அதன் பிள்ளைகள் பிரிவுக்குப் பெயர் பார்னாஸ் தூர்லாக். பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளும் அவர்களுடைய வீட்டாரும் சேரலாம். சம்பளம் வாங்கும் ஆசிரியர் எவரும் இல்லை. பெற்றோரே முறைவைத்து நடத்துகிறார்கள். எங்கள் குழுவுக்குத் தலைமை தாங்குபவர் ஓய்வுபெற்ற மழலையர் பள்ளி ஆசிரியை. அவரைப் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும். எனக்கு நாக்கு வராது. ‘ரீச்சர்’ என்று ஒருமுறை வாய்தவறி அழைத்ததற்கு மகள் வீடு வரும்வரை சிரித்தாள்.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை காடு. நடுவில் கிடைக்கும் நேரத்தில் உடுப்புத் தோய்த்தல்.

வீட்டில் முதல் எதிர்ப்பு அம்மாவிடமிருந்து வந்தது. “பிள்ளையைக் காட்டுக்குள் கொண்டுபோய்க் கையில் கத்தியும் கொடுக்கிறார்கள். அதற்கு நீங்கள் காசும் கட்டுகிறீர்கள்!” என்றார். அம்மாவின் பேச்சைச் சிரித்துத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நான் வன்னியில் வளர்ந்தவன். சிறு வயதில் காடு எங்களுக்குப் பள்ளிக்கூட வளவின் நீட்சிதான். பாலைப்பழக் காலத்தில் உதடெல்லாம் பாலாக ஒட்டத் தின்றுவிட்டு வருவோம். வீரைப்பழம் எங்கே பழுத்திருக்கிறது, ஈச்சம்பற்றைக்குள் எந்தப் பக்கத்தால் கை விடலாம் என்பதையெல்லாம் நாலைந்து வயது மூத்த அண்ணன்மார் காட்டித் தந்தார்கள். அதற்கு யாரும் குழு அமைக்கவில்லை. பிறகு போர் வந்தது. அதே காடு ஓடி ஒளிகிற இடமாயிற்று, பிறகு மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நட்ட இடமாயிற்று. ‘பாதையை விட்டு இறங்காதே’ என்று அம்மா எனக்குச் சொன்னது மிதிவெடிக்குப் பயந்து. அந்த அம்மா, பேத்தி பாதையை விட்டு இறங்கி ஸ்ப்ரூஸ் மரங்களுக்கிடையே மறைவதை அடுக்குமாடி பல்கனியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றால் வயிறு கலங்காமல் என்ன செய்யும்?

எண்பதுகளில் நோர்வே வந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். அந்தக் காலத்தில் எம்மவர் பலர் நாட்டார் உயர்பள்ளிகள் எனப்படும், பரீட்சையில்லாத விடுதிப் பள்ளிகளில் படிக்க வந்து, பிறகு வடகோடியான ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவரும் அப்படித்தான். “குளிருக்குள் வேலைக்குப் போய்வந்ததே போதும் தம்பி. லீவு நாளில் திரும்பவும் குளிருக்குள் போய் நிற்க நான் என்ன விசரனா?” என்பார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இப்படியான குழுக்களில் குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் உடுப்பு. வானிலையில் குற்றமில்லை, உடுப்பில்தான் குற்றம் என்று நோர்வேக்காரர் வாய்க்கு வாய் சொல்வார்கள். உடம்போடு ஒட்டிப் போடும் மெரினோக் கம்பளியின் விலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், குற்றம் பணப்பையிலும் இருக்கலாம் என்று. பூஆ என்ற இரவல் நிலையங்களில் பனிச்சறுக்குக் கட்டைகள், முதுகுப்பைகள், கூடாரங்கள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன, நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே உள்ளாடை தரமாட்டார்கள். கம்பளி உள்ளாடை இல்லாமல் வந்து, நனைந்த பருத்திச் சட்டையோடு நடுங்கிய பிள்ளை இரண்டாம் முறை வராது. குழுவில் இதைச் சொன்னேன். இப்போது சிறிதாகிப்போன கம்பளிகளைக் கைமாற்ற ஒரு பெட்டி வைத்திருக்கிறோம்.

விளையாட்டுக்கு வருகிறேன்.

துரொண்ட்ஹெய்ம் நகரில் எல்லன் சண்ட்செத்தர் என்ற ஆய்வாளர் இருக்கிறார். பிள்ளைகள் தாமாகத் தேடிப்போகும் ஆபத்தான விளையாட்டுகளை அவர் 2007இல் ஆறு வகையாகப் பிரித்தார்: உயரத்தில் ஏறுதல், வேகம், கூரான கருவிகள், நெருப்பும் ஆழ்நீரும் போன்றவற்றின் அருகில் ஆடுதல், மல்லுக்கட்டுதல், பெரியவர் கண்ணில் படாமல் தொலைந்துபோதல். இந்தப் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது என் அம்மாவின் பழைய தடைப்பட்டியல்தான், ஒன்றுகூட விடுபடவில்லை. எங்கள் குழுத் தலைவி இந்த ஆறையும் ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விளையாட்டும் அந்த விளையாட்டுக்குள் ஒளித்துவைத்த ஒரு விதியும் செய்து வைத்திருக்கிறார். கத்திக்குச் சிலை. நெருப்புக்குக் கயிறு.

கயிற்று விளையாட்டு இப்படி. இரண்டு அணிகள். ஒவ்வோர் அணிக்கும் இரண்டு கம்புகள் நட்டு, பிள்ளையின் முழங்கால் உயரத்தில் ஒரு சணல் கயிறு கட்டியிருக்கும். கீழே தீ மூட்டி, எந்த அணி கயிற்றை முதலில் எரித்து அறுக்கிறதோ அதற்கு வெற்றி. நோர்வேயில் ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டோரத்திலும் தீ மூட்டப் பொதுத் தடை உண்டு. ஆகவே இது இலையுதிர்கால விளையாட்டு; விறகெல்லாம் ஈரம். முதல் தடவை எங்கள் மகளின் அணி அவசரத்தில் தடித்த கட்டைகளாகப் பொறுக்கிவந்து குவித்தது. தீக்குச்சி ஒன்று, இரண்டு, மூன்று. புகை. கண்ணீர். பக்கத்து அணியில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி ஓடவேயில்லை. ஸ்ப்ரூஸ் மரத்தின் அடியில், மேற்கிளைகள் குடையாக மறைத்த இடத்தில், காய்ந்து விறைத்து நிற்கும் விரல் நீளச் சுள்ளிகளைப் பொட்டுப் பொட்டென்று ஒடித்துக்கொண்டிருந்தாள். ஒடியும்போது சத்தம் வந்தால் காய்ந்தது, வளைந்தால் ஈரம் என்பது அவளுடைய கணக்கு. விழுந்து கிடந்த பேர்ச் மரத்தின் பட்டையைக் கடதாசி போல உரித்து அடியில் வைத்தாள். உயிர் மரத்தில் பட்டை உரிக்கக் கூடாது. அதற்கு ஒரு புள்ளி குறையும். மேலே பிசின் ஊறிய பைன் சிராய்கள், அதன்மேல் சுள்ளி, காற்று நுழையச் சந்துவிட்டு. மஞ்சளாக எழும்பிய சுவாலை கயிற்றைத் தொட்டதும் அது கறுத்து, முறுக்கு அவிழ்ந்து, படாரென்று அறுந்தது.

தோற்ற அணிக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. வென்ற அணியின் நெருப்பில்தான் எல்லாருக்கும் குச்சி ரொட்டி சுட வேண்டும் என்பது விதி. மாவைப் பாம்பாக உருட்டி, பச்சைத் தடியின் நுனியில் சுற்றி, தணலுக்கு மேலே பொறுமையாகத் திருப்ப வேண்டும். சுவாலையில் பிடித்தால் வெளியே கரி, உள்ளே பச்சை மா. என் மகள் ரொட்டியைத் திருப்பிக்கொண்டே அந்தப் பெண்ணிடம் சுள்ளி எங்கே எடுத்தாய் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இந்தக் கேள்வி கேட்கும் குரல் அவளுக்கு இருந்ததாக நினைவில்லை.

தொலைந்துபோவதற்கும் ஒரு விளையாட்டு இருக்கிறது. 1981இல் கலிபோர்னியாவின் பலோமார் மலையில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வழிதவறினான். நூற்றுக்கணக்கானோர் நாட்கணக்காகத் தேடியும் உயிரோடு மீட்க முடியவில்லை. அந்தத் தேடுதலில் இருந்தவர்கள் அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கென ஒரு பயிற்சியைத் தொடங்கினார்கள். அதன் சாரம் எளிது: வழி தவறியது தெரிந்ததும் நடக்காதே, ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே இரு. நடந்துகொண்டே இருக்கும் பிள்ளையைத் தேடுவது கடினம். ஏற்கெனவே தேடிமுடித்த இடத்துக்குள்ளும் அது போய்விடும். இந்தப் பாடம் பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. எங்கள் குழுவில் இது தலைகீழான ஒளித்துப் பிடித்தல். வழக்கமான விளையாட்டில் ஒளிந்தவர் அகப்படக் கூடாது. இதில் அகப்பட வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மரத்தைத் தேர்ந்து, அதற்குப் பெயர் வைத்து, அதன் அடியிலேயே இருந்து, தன்னைக் கண்டுபிடிக்க உதவ வேண்டும்: நிறமான துணியைக் கிளையில் கட்டலாம், ஊதுகுழல் ஊதலாம், தடியால் அடிமரத்தில் தட்டலாம். உட்கார்ந்தால் நிலத்தின் குளிர் ஏறாமலிருக்க ஸ்ப்ரூஸ் கிளைகளை அடியில் போட வேண்டும். அதிகச் சத்தம் போட்டவருக்குப் பரிசு. மகள் தன் மரத்துக்கு ‘அம்மம்மா’ என்று பெயர் வைத்தாள். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அம்மாவின் முகம் போன போக்கை இங்கே எழுத முடியாது. ஆனால் அன்றைக்குப் பிறகு காடு பற்றிய புலம்பல் பாதியாகக் குறைந்தது. பிள்ளை தொலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்பதே அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் கடல்நாய் விளையாட்டு. கழுத்தில் தொங்கும் இரண்டு கூராணிகளைக் கைக்கொன்றாகப் பிடித்து, கரையோரத்துப் பத்திரமான பனிக்கட்டியில் குப்புறப் படுத்துக் குத்திக் குத்தி ஊர்ந்துபோகும் போட்டி. உடைந்த பனிக்குள் விழுந்தவர் மேலே வருவதும் இப்படித்தான். பத்துச் சென்றிமீற்றர் தடிப்புள்ள தெளிந்த பனிக்கட்டி ஓர் ஆளைத் தாங்கும் என்பதைப் பிள்ளைகள் துளையிட்டு அளக்கிறார்கள். அளவுகோலைப் பிடிப்பதற்குச் சண்டையும் வரும்.

இவ்வளவும் நல்லதுதான், ஆனால் இவை எல்லாவற்றையும் ஒரு நல்ல ஆசிரியர் வகுப்பறையிலும் ஓரளவு கற்பித்துவிடலாம் என்று நினைக்கிறேன். அங்கே கற்பிக்கவே முடியாத ஒன்றை இந்தக் குழு கற்பிக்கிறது. அது சிவப்புத் தொப்பி விவகாரம். அதற்கு முன் கொஞ்சம் சரித்திரம்.

நோர்வேயில் ஈஸ்டர் விடுமுறைக்கு ஊரே மலைக்குப் போகும். 1967 ஈஸ்டரில் அப்படிப் போனவர்களில் பதினெட்டுப் பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு செஞ்சிலுவைச் சங்கமும் மலைநடைச் சங்கமும் சேர்ந்து மலை விதிகளை நாடெங்கும் பரப்பின. மொத்தம் ஒன்பது, 2016இல் காலத்துக்கு ஏற்பத் திருத்தினார்கள். ஈஸ்டர் பயணத்தில் எல்லார் பையிலும் இருக்கும் குவிக் லுன்ஷ் சொக்லேற்றின் உறைக்கு உட்பக்கத்தில் அவை அச்சாகியிருக்கும். எட்டாவது விதி: நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை. நோர்வேக்காரர் இதை அரசியல் பேச்சிலும் எடுத்துவிடுவார்கள், கல்யாணம் நின்றுபோனாலும் சொல்வார்கள்.

விதியை ஒப்பிப்பது எளிது. மலைவிளிம்பில் நிற்கிற, இவ்வளவு தூரம் வந்துவிட்ட, உச்சி கண்ணுக்குத் தெரிகிற ஒருவருக்கு அதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒவ்வொரு கோடையிலும் பறக்கும் மீட்பு ஹெலிகொப்டர்கள் சாட்சி. ஆகவே எங்கள் தலைவி ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி பின்னிவைத்திருக்கிறார். ஒவ்வொரு நடையிலும் ஒரு பிள்ளையின் தலையில் அது இருக்கும். தொப்பிக்காரர் ஒவ்வொரு தரிப்பிலும் எல்லாரையும் சுற்றிவர வேண்டும். கையுறையைக் கழற்றச் சொல்லி விரலைத் தொட்டுப் பார்க்க வேண்டும், யாருக்குப் பசி என்று கேட்க வேண்டும், மேகத்தைப் பார்க்க வேண்டும், நேரத்தைக் கேட்க வேண்டும். பிறகு முடிவு. விதி இதுதான்: தொப்பி ‘திரும்புவோம்’ என்றால் பெரியவர்கள் கேட்க வேண்டும். பெரியவர்கள் ‘திரும்புவோம்’ என்றால் தொப்பி கேட்க வேண்டும். மேலே போவதற்கு மட்டும் இரு பக்கமும் சம்மதிக்க வேண்டும். திரும்பிய பின் யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது, சூடான ககாவ் குடித்து முடியும்வரை.

நவம்பரில் ஒருநாள். ரோவர்கொல்லன் குன்றுக்கு ஏறிக்கொண்டிருந்தோம். பெயரில் ‘ரோவர்’, அதாவது கொள்ளைக்காரன், இருப்பதால் உச்சியில் கொள்ளைக்காரர் புதையல் என்று சொல்லி, ஒரு தகரப் பெட்டியை முதல்நாளே கொண்டுபோய் ஒளித்துவைத்திருந்தார்கள். பிள்ளைகள் கையில் வரைபடம். வழியெங்கும் மரங்களில் பூசிய நீல அடையாளம். மார்க்காவில் நீலம் கோடைப் பாதை, சிவப்பு பனிச்சறுக்குப் பாதை. பாதித் தூரத்தில் மழையும் பனியும் கலந்து விழத் தொடங்கியது. உச்சிக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கலாம். தொப்பி ஏழு வயதுப் பையன் ஒருவனிடம் இருந்தது. தரிப்பில் அவன் ஒவ்வொருவராகக் கையைத் தொட்டுக்கொண்டு வந்தான். ஒரு சிறிய பெண்ணிடம் வந்ததும் நின்றான். அவளுடைய கையுறை ஊறிப்போயிருந்தது. விரல் நுனிகள் மெழுகு நிறத்தில் இருந்தன. ‘வலிக்கிறதா?’ என்றான். ‘இப்போது வலிக்கவில்லை’ என்றாள் அவள். அதுதான் கெட்ட அறிகுறி என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. மேலே பார்த்தான். புதையல் இருக்கும் திசையை அவன் பார்த்த பார்வையை நான் கண்டேன். பிறகு தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, “திரும்புவோம்” என்றான்.

அழுகை. கத்தல். மூத்த பிள்ளைகள் சிலர் வரைபடத்தைத் தரையில் எறிந்தார்கள். பெற்றோர் பக்கத்திலும் முணுமுணுப்பு. அந்தப் பெண்ணுக்கு உலர்ந்த கையுறை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகலாமே என்றார் ஒருவர். யாராவது ஒருவர் ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்து வரலாமே என்றார் இன்னொருவர். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. தலைவி அந்தப் பெண்ணின் கையைத் தன் அக்குளுக்குள் வைத்துச் சூடேற்றிக்கொண்டே, “பெட்டி எங்கேயும் போகாது” என்று மட்டும் சொன்னார். இறங்கினோம். கீழே ஏரிக்கரைத் தங்குகொட்டகையில் உலர்ந்த கையுறை, ககாவ், சொசேஜ் எல்லாம் கிடைத்தன. அரை மணி நேரத்தில் அந்தப் பெண் மற்றவர்களோடு சேர்ந்து கத்திக்கொண்டு ஓடினாள்.

ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் அன்றைய கதையின் சங்கடம். போயிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்று சொல்ல யாராலும் முடியும். அது பொய் என்று நிரூபிக்க யாராலும் முடியாது. சரியான நேரத்தில் திரும்புகிறவர் எப்போதுமே வீணாகத் திரும்பியவர் போலத்தான் தெரிவார். அந்தப் பையன் ககாவ் குடிக்கும்போது தனியாக இருந்தான். தலைவி அவனிடம் போய் எல்லார் முன்னும் அவன் சொன்னது சரியா பிழையா என்று எதுவுமே பேசவில்லை. ‘அடுத்தமுறை பெட்டியை எடுக்கப் போகும்போது நீதான் முன்னால் நடக்க வேண்டும்’ என்றார். அடுத்த மாதம் போனோம். பெட்டிக்குள் இருந்த திராட்சை வற்றல் கல்லாக இறுகியிருந்தது. அதையும் பங்கிட்டுத் தின்றார்கள்.

நாங்கள் பிள்ளைகளை வளர்க்கும் முறைக்கு இது நேர் எதிர். ‘முன்வைத்த காலைப் பின்வைக்காதே’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஊரைவிட்டுப் புறப்பட்ட எங்களுக்குத் திரும்புவதற்கு இடமே இருக்கவில்லை. பாதியில் நின்றிருந்தால் பாதியிலேயே முடிந்திருப்போம். அந்த வேகத்தோடுதான் இங்கே வேலை தேடினோம், மொழி படித்தோம், வீடு வாங்கினோம். அதே வேகத்தைப் பிள்ளைகளின் கழுத்திலும் கட்டுகிறோம். தொடங்கிய பரதநாட்டியம் அரங்கேற்றம்வரை போக வேண்டும். தொடங்கிய வயலின் தரம் எட்டுவரை. பிள்ளைக்கு முழங்கால் நோகிறது என்றால், ‘இன்னும் இரண்டு மாதம்தானே’ என்போம். என் நண்பர்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். என் வீட்டிலும் நடக்கிறது. இதை முற்றாக விட்டுவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நோர்வேப் பிள்ளைகள் சிலர் எதையுமே மூன்று மாதத்துக்கு மேல் செய்யாமல் வளர்வதையும் பார்க்கிறேன். அதுவும் எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் பழகிப் பெற வேண்டிய திறமை என்பதை நான் எந்த வகுப்பிலும் கற்கவில்லை, யாருக்கும் கற்பிக்கவும் தெரியவில்லை. பரீட்சையில் பாதியில் எழும்பிவர யாரையும் பழக்க முடியாது. மேடையிலும் முடியாது. விலை மலிவாக இருக்கும் இடத்தில்தான், இழப்பது ஒரு தகரப் பெட்டியும் கொஞ்சம் திராட்சை வற்றலும் என்ற அளவில் இருக்கும்போதுதான், அதைப் பழக முடியும். விளையாட்டு என்று நாங்கள் அலட்சியமாகச் சொல்வது அந்த மலிவான இடத்தைத்தான்.

இந்தக் குழுவைப் பற்றி எனக்குக் குறையே இல்லை என்று எண்ண வேண்டாம். காட்டில் நடப்பது ஏதோ தங்கள் இரத்தத்திலேயே ஊறியது என்ற பாவனை சில பெற்றோருக்கு உண்டு. மற்றவர்களுக்கு எல்லாவற்றையும் புதிதாக விளக்கத் தொடங்கிவிடுவார்கள். ஒருமுறை ஒருவர் எனக்கு உண்ணி கடிப்பது பற்றிப் பத்து நிமிடம் விரிவுரை ஆற்றினார். மாட்டுப்பட்டியில் வளர்ந்தவனுக்கு உண்ணி! இங்கத்தைய உண்ணி சில நோய்களைக் கொண்டுவரும், வீட்டுக்கு வந்ததும் பிள்ளையின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம் எல்லாம் பார்க்க வேண்டும் என்ற ஒரு வரி மட்டும் எனக்குப் புதிது. அதை அவர் கடைசி நிமிடத்தில்தான் சொன்னார்.

கோடையில் அம்மாவை ஒருநாள் ஏரிவரை கூட்டிக்கொண்டு போனோம். தட்டையான பாதை, மெதுவான நடை. மகள் ஸ்ப்ரூஸ் மரநிழலில் குனிந்து, மூன்று இதய வடிவ இலைகள் சேர்ந்த ஒரு சிறு செடியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, அம்மாவுக்கும் நீட்டினாள். அம்மா பதறிப்போய்த் தட்டிவிடப் பார்த்தார். பிறகு இலையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். “இது புளியாரை அல்லவா!” என்றார். நுனிப் பல்லால் கடித்தார். புளித்தது. ஊரில் கிணற்றடியில் மஞ்சள் பூப்பூத்துப் படரும் புளியாரையின் இனம்தான் இது; இங்கே பூ வெள்ளை. அதன் பிறகு பாட்டியும் பேத்தியும் வழியெல்லாம் குனிந்து குனிந்து போனார்கள். துவையல் அரைக்கப் போதுமான அளவு பறிக்கலாமா என்று அம்மா கேட்டார். அதிகம் தின்றால் வயிற்றுக்கு ஆகாது, ஆளுக்கு ஒரு பிடி போதும் என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அம்மா அவளுக்குத் தெரியாமல் கைப்பைக்குள் இரண்டு பிடி போட்டதை நான் பார்த்தேன்.

இந்த ஓகஸ்ட்டில் கனடாவிலிருந்து மைத்துனர் குடும்பம் வருகிறது. அவருக்குத் துரோல்துங்கா பாறை நுனியில் கால் தொங்கவிட்டுப் படம் எடுக்க வேண்டும். போய்வர இருபத்தேழு கிலோமீற்றர் அளவில் நடை. ஒரு முழு நாள் வேண்டும். “அத்தான், விளையாட்டுச் சப்பாத்துப் போதும்தானே?” என்று தொலைபேசியில் கேட்டார். பக்கத்தில் இருந்த மகள், இப்போது அவளுக்கு ஒன்பது வயது, தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். தான் வரப்போவதில்லை, தன் காலுக்கு அது அதிகம் என்று முதலில் அறிவித்தாள். பிறகு, மாமாவிடம் கம்பளிக் காலுறை இருக்கிறதா, மழைக் காற்சட்டை இருக்கிறதா, எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று கேட்டாள். “போய்ச் சேர்ந்து படம் எடுத்ததும் திரும்புவோம் அம்மா” என்றார் அவர். அது நேரமில்லை என்று அவள் சொல்லிவிட்டாள். எங்கே நின்றாலும் மதியம் ஒரு மணிக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியும் வைத்திருக்கிறாள். மைத்துனர் அதை மூன்று மணியாக்கித் தரும்படி வாரத்துக்கு ஒருமுறை அழைத்துப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார். இதுவரை அரை மணி நேரம்தான் இறங்கி வந்திருக்கிறாள்.